நகருக்கு வேண்டியவர், நகரத்தார் அல்லர்

எண்ணங்களின் வரலாறு: 14

கண்டி நகர மையத்திலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஏ9 வீதியில் போனால் மஹய்யாவ வரும். 1880 இல் திறக்கப்பட்ட மாத்தளை ரயில்பாதை சுரங்கத்துக்குள் நுழைந்து வெளிவருவது இங்கேதான். தலதா மாளிகைக்கு அருகிலிருந்த பழைய கரிசன் மயானம் மூடப்பட்ட பிறகு கண்டியில் இறந்த ஆங்கிலேயரைப் புதைத்த மயானமும் இங்கேதான். லூல்கந்துர தோட்டத்தில் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, இந்த நாட்டின் தேயிலைத் தொழிலைத் தொடக்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் 1892 இல் இறந்தார். அவருடைய கல்லறை மஹய்யாவ மயானத்தில் இருக்கிறது. தேயிலையின் வரலாறு தேடி வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

அதே மஹய்யாவையில் இன்னொரு வரலாறும் குடியிருக்கிறது. 1865 இல் கண்டி மாநகர சபை உருவானது. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆள் வந்துகொண்டிருந்த காலம் அது. தோட்டங்களுக்கு ஆள் திரட்டியது போலவே, தெருக் கூட்டவும் குப்பை அள்ளவும் வாளிக் கக்கூஸ் சுமக்கவும் நகரங்களுக்கும் ஆள் திரட்டப்பட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். கண்டியில் அவர்களுக்கு லயன் காம்பராக்கள் கிடைத்த முக்கியமான இடம் மஹய்யாவ. தகப்பன் பார்த்த வேலையை மகன் பார்த்தான். தாய் பிடித்த விளக்குமாற்றை மகள் வாங்கிக்கொண்டாள். இவர்களில்லாமல் ஒரு வாரம்கூட நகரம் நகரமாக இருந்திருக்காது. ஆனால் 1948 க்குப் பிறகு நெடுங்காலம், அவர்களில் பலருக்கு அந்த நகரத்திலோ நாட்டிலோ வாக்குரிமை இல்லை.

ஒரு நகரத்துக்கு அவசியமானவர்கள் அதன் உறுப்பினராக வேண்டியதில்லை என்ற இந்த ஏற்பாட்டுக்கு மெய்யியலில் ஒரு முன்னோடி வாதம் உண்டு. அதை முதன்முதலில் ஒழுங்காக எழுதிவைத்தவர் அரிஸ்டோட்டில். இயற்கை ஒவ்வொன்றையும் ஒரு நோக்கத்துக்காகவே படைக்கிறது என்ற அவருடைய பெருங்கருத்தில் ஒரு கிளையாக அது முளைத்தது. சென்ற இதழில் பிளேட்டோவின் நகரத்தைப் பார்த்தோம். பொன், வெள்ளி, இரும்பு, வெண்கலம் கலந்து மனிதர் பிறக்கிறார்கள் என்று குடிமக்களை நம்பவைக்கும் கதையையும் பார்த்தோம். அது கட்டுக்கதை என்று பிளேட்டோவே ஒப்புக்கொண்டார். அவருடைய மாணவருக்குக் கதை தேவைப்படவில்லை. அவரிடம் விலங்கியல் இருந்தது.

சாணி அள்ளுவோரும் பத்து அதிகாரிகளும்

முதலில் ஏதென்ஸின் தெருக்களுக்குப் போவோம். 1891 இல் பிரெடெரிக் கென்யன் என்ற அறிஞர் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்காக ஒரு பப்பைரஸ் சுருளைப் பதிப்பித்தார். எகிப்தில் கிடைத்த சுருள் அது. அதன் முன்பக்கத்தில் கி.பி. முதல் நூற்றாண்டுப் பண்ணை ஒன்றின் வரவு செலவுக் கணக்கு இருந்தது. தாள் வீணாகாதபடி யாரோ அதன் பின்பக்கத்தில் ஒரு நூலைப் பிரதி எடுத்திருந்தார்கள். அரிஸ்டோட்டிலோ அவருடைய மாணவர்களோ எழுதிய ‘ஏதென்ஸ் அரசியலமைப்பு’ என்ற நூல் அது. பல நூற்றாண்டுகளாகத் தொலைந்துபோனதாக எண்ணப்பட்டது.

அதன் 50 ஆம் அத்தியாயம் நகரப் பராமரிப்பைப் பற்றியது. சீட்டுப்போட்டுத் தேர்ந்த பத்து அதிகாரிகளில் ஐவர் நகருக்கும் ஐவர் பிரேயஸ் துறைமுகத்துக்கும் பொறுப்பு. வீட்டுச் சன்னல்கள் தெருப்பக்கமாகத் திறக்காமலும், மாடித் தூம்புகள் தெருவில் நீர் கொட்டாமலும், கட்டடங்கள் வீதியை விழுங்காமலும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மலம் அள்ளுவோர் மதிலிலிருந்து பத்து ஸ்டேடியத்துக்குள், அதாவது ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றருக்குள், எதையும் கொட்டிவிடாதபடி கண்காணிப்பதும் அவர்கள் பொறுப்பு. தெருவில் செத்துக்கிடப்பவர்களின் உடலை அப்புறப்படுத்த நகரத்துக்குச் சொந்தமான அடிமைகள் இருந்தார்கள்.

இன்று நம்முடைய எந்த மாநகர சபையின் துணைவிதிகளிலும் இந்த அத்தியாயத்தைச் சேர்த்துவிடலாம். கழிவை எல்லைக்கு அப்பால் தள்ளுவது, பிணத்தை எல்லைக்கு அப்பால் அடக்குவது, இந்த இரு வேலையையும் செய்கிறவர்களைக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் வைப்பது: எல்லாம் அதில் இருக்கின்றன. ஏதென்ஸின் பெரிய மயானமான கெராமெய்க்கொஸ் மதிலுக்கு வெளியே, வாயிலை ஒட்டிக் கிடந்தது. கண்டியின் குப்பை மகாவலிக் கரையில் கொஹாகொட மேட்டில் போய்ச் சேர்ந்தது.

இவற்றையெல்லாம் இத்தனை நுட்பமாகக் குறித்துவைத்த பள்ளிதான், இந்த வேலைகளைச் செய்கிறவர்கள் நகரத்தின் உறுப்புகள் ஆகமாட்டார்கள் என்றும் வாதிட்டது. அந்த வாதம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஒரு கடற்கரைக்குப் போகவேண்டும்.

முட்டைக்குள் ஒரு துடிப்பு

அரிஸ்டோட்டில் கி.மு. 384 இல் வடக்கே ஸ்டாகிரா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை நிக்கோமாக்கஸ் மக்கெடோனிய மன்னரின் மருத்துவர். பதினேழு வயதில் ஏதென்ஸ் வந்து பிளேட்டோவின் அகாதெமியில் இருபது ஆண்டுகள் இருந்தார். பிளேட்டோ இறந்தபின் ஆசியக் கரைக்குப் போய், அங்கிருந்து லெஸ்பொஸ் தீவை அடைந்தார். அந்தத் தீவின் உப்பேரியில் அவர் கணவாயையும் கடல்முள்ளெலியையும் சுறாவையும் அறுத்துப் பார்த்தார். ஒரு வகைச் சுறா, தாயின் உடலோடு கொடியால் இணைந்த குட்டியை ஈனுகிறது என்று அவர் எழுதியதைப் பிற்காலத்தார் நெடுநாள் நம்பவில்லை. ஜெர்மானிய உடலியலாளர் யொஹான்னஸ் முல்லர் 1842 இல் அதை உறுதிப்படுத்தினார்.

அவருடைய முறை எளிமையானது. அடைகாக்கும் கோழி முட்டைகளை ஒவ்வொரு நாளும் ஒன்றாக உடைத்துப் பார்த்தால், மூன்றாம் நாளளவில் வெள்ளைக்கருவில் ஒரு இரத்தப் புள்ளி துடிப்பது தெரியும். அதுவே இதயம். அந்தப் புள்ளி எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு, அது ஆகப்போகிற கோழியைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். முன்பல் கூர்மையாகவும் கடைவாய்ப்பல் தட்டையாகவும் இருப்பதும் அப்படியே. ஒன்று கடிக்க, மற்றது அரைக்க. இது தற்செயலாக நடந்திருக்கலாமே, பொருந்தியவை பிழைத்திருக்க மற்றவை அழிந்திருக்கலாமே என்று எம்பெடோக்கிளீஸ் போன்றோர் கேட்டதை அவர் அறிந்திருந்தார். அதைத் தம் ‘இயற்பியல்’ நூலிலேயே எடுத்துச் சொல்லி மறுத்தார். எப்போதும் அல்லது பெரும்பாலும் ஒரே மாதிரி நடப்பது தற்செயலாக முடியாது என்பது அவர் பதில். எதுவும் தடுக்காவிட்டால், ஒவ்வொன்றும் தனக்குரிய முழுமையை நோக்கி வளரும். ‘எதுவும் தடுக்காவிட்டால்’ என்ற இந்த நிபந்தனையை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னால் அது வேலைக்கு வரும்.

‘விலங்குகளின் உறுப்புகள்’ என்ற நூலில் அவர் மாணவர்களுக்கு ஓர் அறிவுரை சொல்கிறார். அற்பமான உயிரைப் பார்த்தும், இரத்தமும் சதையும் எலும்பும் பார்த்தும் முகஞ்சுளிக்காதீர்கள்; அங்கேயும் அழகு இருக்கிறது. ஹெராக்கிளீட்டஸைப் பார்க்க வந்தவர்கள், அவர் அடுப்படியில் குளிர்காய்வதைக் கண்டு வாசலில் தயங்கினார்களாம். உள்ளே வாருங்கள், இங்கேயும் தெய்வங்கள் உண்டு என்று அவர் அழைத்தாராம். அந்தக் கதையைச் சொல்லியே அரிஸ்டோட்டில் தம் விலங்கியலுக்கு மாணவர்களை அழைத்தார்.

மனிதனுக்கு வேலை என்ன?

இந்தக் கண்ணோடுதான் அவர் அறவியலுக்குள் வந்தார். ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் தொடக்கத்தில் அவர் கேட்கும் கேள்வி இன்றும் புதிதாக இருக்கிறது. தச்சனுக்கு ஒரு பணி உண்டு, செருப்புத் தைப்பவனுக்கு ஒரு பணி உண்டு, கண்ணுக்கும் கைக்கும் காலுக்கும் உண்டு. மனிதன் என்ற முறையில் மனிதனுக்கு மட்டும் பணி ஏதும் இல்லாமலா போகும்? உண்டு வளர்வது செடிக்கும் உள்ளது. பார்ப்பதும் உணர்வதும் விலங்குக்கும் உள்ளன. மனிதனுக்கு மட்டுமே உரியது பகுத்தறிவோடு செயல்படுவது. அதை ஒரு நாளில்லை, வாழ்நாள் முழுவதும் செம்மையாகச் செய்வதே நல்வாழ்வு.

‘அரசியல்’ நூலில் அவர் அடுத்த படியை வைக்கிறார். வீடுகள் சேர்ந்து ஊராகின்றன, ஊர்கள் சேர்ந்து நகரம். உயிர் பிழைக்கத் தொடங்கிய கூட்டு, நன்றாக வாழ்வதற்காகத் தொடர்கிறது. விதையின் வளர்ச்சி மரத்தில் முடிவது போல மனிதக் கூட்டின் வளர்ச்சி நகரத்தில் நிறைவடைகிறது. ஆகவே நகரமும் இயற்கையானதே, மனிதன் இயற்கையாகவே நகரத்தில் வாழும் உயிர். மற்ற விலங்குகள் வலியையும் இன்பத்தையும் குரலால் தெரிவிக்கும். மனிதன் மட்டும் பேச்சைப் பெற்றிருக்கிறான், எது நீதி எது அநீதி என்று கூடிப் பேசுவதற்காக. இயற்கை எதையும் வீணாகச் செய்வதில்லை. நகரத்திலிருந்து பிரிந்த மனிதன், உடலிலிருந்து வெட்டிய கையைப் போல, பெயரளவில்தான் மனிதன்.

இதுவரை வந்த வாதத்தை மஹய்யாவையில் உரக்கப் படித்தால் யாரும் மறுக்கப்போவதில்லை. நீதியைப் பற்றிப் பேசும் வாய் உள்ளவருக்கெல்லாம் நகரத்தில் இடம் வேண்டும் என்றுதான் அது போய் முடியவேண்டும். ஆனால் அரிஸ்டோட்டில் அதே நூலின் முதற்புத்தகத்திலேயே வேறு பக்கம் திரும்புகிறார்.

இரண்டாகப் பிளந்த நகரம்

நெசவுத்தறியின் ஓடம் தானே ஓடினால், எசமானுக்கு அடிமை தேவைப்படாது என்கிறார். ஓடாததால் உயிருள்ள கருவி வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட கருவியாக இயற்கையாலேயே பிறந்தவர்கள் உண்டா? உண்டு என்பதே அவர் முடிவு. சிந்தித்துத் தீர்மானிக்கும் ஆற்றல் அடிமையிடம் அறவே இல்லை. பிறர் சொல்லும் நியாயத்தைப் புரிந்துகொள்ளும் அளவுக்கே அறிவு உண்டு. பெண்ணிடம் அந்த ஆற்றல் உண்டு, ஆனால் அதற்கு அதிகாரம் இல்லை. ஆளப்படுவதே அவர்களுக்கும் நல்லது.

சொந்தச் சாட்சியே அவரைக் கைவிட்ட இடம் ஒன்று உண்டு. சுதந்திரருக்கும் அடிமைக்கும் வேறுவேறு உடல் தரவே இயற்கை விரும்புகிறது, ஒருவருக்கு உழைக்கும் உடல், மற்றவருக்கு நிமிர்ந்த உடல் என்று எழுதுகிறார். எழுதிய கையோடு, பலமுறை இது நேர்மாறாகவே நடக்கிறது என்றும் சேர்த்துக்கொள்கிறார். சுறாவின் வயிற்றில் கண்டதை யார் மறுத்தாலும் விடாத மனிதர், இங்கே கண்ணுக்கு எதிரே தெரிந்ததை ஒரு வரியில் கடந்துபோனார்.

ஏழாம் புத்தகத்தில் வருவது இதைவிட நுட்பமான வாதம். ஆழமாக நிலைத்ததும் அதுவே. நகரம் இயங்க எது எது வேண்டும் என்று பட்டியலிடுகிறார்: உணவு, கைத்தொழில், ஆயுதம், பணம், வழிபாடு, தீர்ப்பு. ஆனால் நகரத்துக்கு வேண்டியவை எல்லாம் நகரத்தின் உறுப்புகள் ஆகா. வீடு கட்டக் கொத்தன் வேண்டும். அதற்காகக் கொத்தன் வீட்டின் பகுதியா? போர்செய்வோரும் ஆலோசனை கூறுவோரும் நகரத்தின் உறுப்புகள். உழுவோரும் கைவினைஞரும் கூலியாட்களும் நகரத்தின் தேவைகள். அறத்தில் வளர ஓய்வு வேண்டும், உழைப்பவனுக்கு ஓய்வில்லை, ஆகவே அவன் குடிமகனாக முடியாது. மூன்றாம் புத்தகத்தில் இதையே சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்: எவரில்லாமல் நகரம் இராதோ அவரையெல்லாம் குடிமக்களாகக் கொள்ளவேண்டியதில்லை.

ஓய்வு ஏன் அவனுக்கு இல்லை என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. உழைப்பை அவன் தலையில் சுமத்தியவர்கள் ஓய்வை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் அதற்குப் பதில்.

எதிர்த்துச் சொன்னவர்கள்

அக்காலத்தில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள் என்று அரிஸ்டோட்டிலுக்காக வாதாடுவோர் உண்டு. அவருடைய நூலே அதை மறுக்கிறது. எசமான்தனம் இயற்கைக்கு மாறானது, சட்டம்தான் ஒருவனை அடிமையாகவும் ஒருவனைச் சுதந்திரனாகவும் ஆக்குகிறது, பலாத்காரத்தில் நிற்பதால் அது அநீதி என்று சொல்கிறவர்களை அவர் பெயர் சொல்லாமல் குறிப்பிடுகிறார்.

அவர்களில் சிலரை நாம் அறிவோம். தீப்ஸின் எப்பமினோண்டாஸ் கி.மு. 369 அளவில் ஸ்பார்ட்டாவின் பிடியிலிருந்து மெஸ்ஸீனியரை விடுவித்தபோது, தலைமுறை தலைமுறையாக நிலத்தடிமைகளாக இருந்த மக்கள் தமக்கென நகரம் கட்டினார்கள். அவர்கள் சார்பாக அல்கிடமாஸ் என்ற சொற்பொழிவாளர் பேசினார். கடவுள் எல்லோரையும் சுதந்திரராகவே விட்டார், இயற்கை எவரையும் அடிமையாக்கவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்கு முந்தைய தலைமுறையில் ஆன்ட்டிஃபோன் கிரேக்கருக்கும் பிறருக்கும் இயற்கையில் வேற்றுமை இல்லை என்றார். அதற்கு அவர் காட்டிய சான்று, எல்லோரும் வாயாலும் மூக்காலும்தான் மூச்சு விடுகிறோம் என்பது. எகிப்தின் ஒக்ஸிரிங்கஸ் குப்பைமேட்டில் தோண்டி எடுத்த பப்பைரஸ் துண்டுகளில்தான் அந்த வரிகள் நமக்குக் கிடைத்தன.

ஆகவே மறுப்பு அப்போதே கேட்டது. அரிஸ்டோட்டில் அதைக் கேட்டுவிட்டே வேறு பக்கம் நின்றார்.

குடியுரிமை இல்லாத ஆசிரியர்

ஏதென்ஸில் அரிஸ்டோட்டிலின் இடம் என்ன என்பது இன்னும் விசித்திரமானது. அவர் ஏதென்ஸின் குடிமகன் அல்லர். கி.மு. 451 இல் பெரிக்கிளீஸ் கொண்டுவந்த சட்டப்படி, தாயும் தந்தையும் இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்களுக்கு மெட்டோய்க் என்று பெயர். ஆண் ஒருவருக்கு ஆண்டுக்கு 12 திராக்மா, தனித்து வாழும் பெண்ணுக்கு 6 திராக்மா வரி. பொறுப்பேற்க ஒரு குடிமகன் வேண்டும். சிறப்பு அனுமதியில்லாமல் நிலமோ வீடோ சொந்தமாக வைத்திருக்க முடியாது. வரி கட்டத் தவறினால் அடிமையாக விற்கப்படவும் கூடும். அரிஸ்டோட்டில் கி.மு. 335 இல் தொடங்கிய லைசியம் பள்ளி, மதிலுக்கு வெளியே பொது உடற்பயிற்சிக் களம் ஒன்றில் நடந்தது. பள்ளிக்கென்று சொந்த நிலம் கிடைத்தது அவர் இறந்தபின், அவருடைய மாணவர் தியோஃப்ராஸ்டஸ் காலத்தில்தான்.

மனிதன் இயற்கையாகவே நகரத்துக்கு உரியவன் என்று எழுதியவருக்கு, அவர் வாழ்ந்த நகரத்தின் சபையில் கை தூக்க உரிமை இல்லை. இந்த நிலையிலிருந்து எழுதியதால்தானோ என்னவோ, குடியுரிமை பற்றி அவர் சொன்ன ஒன்று மிகக் கூர்மையானது. சிலர் பெற்றோர் மட்டும் போதாது, பாட்டன் பூட்டன் வரை குடிகளாக இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் அந்தப் பூட்டன் எப்படிக் குடிமகனானான் என்று அவர் கேட்கிறார். உரல் செய்கிறவன் உரலைச் செய்வது போல, லாரிஸ்ஸா நகர அதிகாரிகள் லாரிஸ்ஸாக்காரரைச் செய்கிறார்கள் என்று சொற்பொழிவாளர் கோர்கியாஸ் அடித்த கிண்டலையும் சேர்த்துக்கொள்கிறார். ஆட்சியிலும் தீர்ப்பிலும் பங்கு கொள்பவனே குடிமகன். பரம்பரைச் சான்று முதல் தலைமுறைக்கு ஒருபோதும் பொருந்தாது என்பது அவர் முடிவு.

இந்தப் பகுதியை 1948 இல் கொழும்பில் யாராவது படித்திருக்க வேண்டும். அந்த ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமே தந்தையும் இலங்கையில் பிறந்தாரா என்று கேட்டது. தந்தை இங்கே பிறந்திராவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயன் காம்பராவில் பிறந்தவரிடம் பூட்டனின் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? கோர்கியாஸின் உரல் இங்கே சட்டப் புத்தகத்தில் இருந்தது.

கண்டியில் பிறப்பும் பணியும்

பிறப்பையும் பணியையும் ஒன்றாகக் கட்டும் வழக்கம் கண்டிக்குப் புதிதல்ல. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபேர்ட் நொக்ஸ், 1681 இல் லண்டனில் வெளியிட்ட நூலில் இதை எழுதினார். இங்கே ஒருவருடைய மதிப்பு செல்வத்தாலோ பதவியாலோ வருவதில்லை, பிறப்பால் வருகிறது என்று அவர் கண்டார். கொல்லர், குயவர், வண்ணார், பறை கொட்டுவோர் என்று ஒவ்வொரு சாதிக்கும் அரசனுக்குச் செய்யவேண்டிய இராஜகாரியம் வகுக்கப்பட்டிருந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832 இல் ஆங்கிலேயர் அதை நீக்கினார்கள். விகாரை, தேவாலய நிலங்களின் சேவைக் கடமைகளில் அந்தச் சட்டம் கை வைக்கவில்லை.

கட்டாய உழைப்பை ஒரு கையால் நீக்கிய ஆட்சி, பிறப்பால் பணி என்ற ஒழுங்கை மறுகையால் கடல் கடந்து கொண்டுவந்தது. சுத்திகரிப்பு வேலைக்குக் கண்ணில் பட்ட எவரையோ பிடித்துப் போடவில்லை. தமிழகத்தில் அந்த வேலை யார் தலையில் கட்டப்பட்டிருந்ததோ அவர்களையே கொண்டுவந்தார்கள். அரிஸ்டோட்டிலின் பெயரை அங்கே யாரும் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை. அவர் பெயரை வெளிப்படையாக எடுத்தவர்கள் ஸ்பானியர். 1550 இல் வாயாடோலிட் நகரில் நடந்த விவாதத்தில், அமெரிக்கப் பழங்குடியினர் இயற்கை அடிமைகள் என்று செபுல்வேதா ‘அரசியல்’ நூலை வைத்தே வாதிட்டார். அவரை எதிர்த்துப் பேசியவர், அந்த மக்களிடையே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த பாதிரியார் லாஸ் காஸாஸ்.

இலங்கையில் அதற்குப் பின் நடந்தது தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்லலாம். 1949 இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமை இல்லாதவரின் வாக்கும் போனது. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், மனிதர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிபாதியாக எடுத்துக்கொண்டன. 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களே நாடற்றவர் என்ற நிலைக்கு முடிவு கட்டின. பூட்டனைக் கேட்ட சட்டத்துக்கும் கடைசிச் சட்டத்துக்கும் இடையே 55 ஆண்டுகள்.

தாள் கிடைத்ததும் நகரத்தில் இடம் கிடைத்துவிடவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் காலிங்க டியூடர் சில்வாவும், பி.பி. சிவப்பிரகாசமும், பரம்சோதி தங்கேசும் 2009 இல் இலங்கையின் சாதிப் பாகுபாடு பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் கண்டியின் சுத்திகரிப்புத் தொழிலாளருக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. சட்டத்தில் தீண்டாமை இல்லாத நகரத்தில் விலாசமே தீண்டாமையின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. குடியிருப்பு மாநகர சபை வேலையோடு பிணைந்திருந்தது, வேலை குடும்பத்தோடு பிணைந்திருந்தது. வேறு வேலை தேடிப் போன இளைஞருக்கு முன்னால் அவருடைய விலாசம் போய் நின்றது.

தடையை நீக்கிவிட்டுப் பார்

இனி அந்த நிபந்தனைக்கு வருவோம். எதுவும் தடுக்காவிட்டால்தான் ஒன்று தன் இயல்பான முழுமையை அடையும் என்று ‘இயற்பியல்’ சொல்கிறது. கல்லுக்கடியில் கிடந்த பலாக்கொட்டை முளைக்கவில்லை என்றால், முளைக்காமலிருப்பதே பலாவின் இயல்பு என்று அரிஸ்டோட்டில் எழுதமாட்டார். கல்லைத் தூக்கிவிட்டுப் பார் என்பார். அடிமையிடம் தீர்மானிக்கும் ஆற்றல் இல்லை என்று எழுதியபோது மட்டும் அவர் கல்லைத் தூக்கிப் பார்க்கவில்லை. தீர்மானிக்க எதையுமே விட்டுவைக்காத வாழ்க்கையைப் பார்த்துவிட்டு, தீர்மானிக்கும் ஆற்றலே இல்லை என்று முடிவுகட்டினார். மூன்று தலைமுறை ஒரே வேலையைப் பார்த்த குடும்பத்தைக் காட்டி, அது அவர்களுக்கு இயல்பாக வருகிறது என்று சொல்கிற எவரும் அதே பிழையையே செய்கிறார்.

அவருக்கே உள்ளுக்குள் உறுத்தல் இருந்திருக்கலாம். ஏழாம் புத்தகத்தில், எல்லா அடிமைகளுக்கும் விடுதலையைப் பரிசாக முன்வைப்பது நல்லது, காரணத்தைப் பிறகு சொல்கிறேன் என்கிறார். இயற்கையால் அடிமையானவனுக்கு விடுதலை எப்படிப் பரிசாகும்? நமக்குக் கிடைத்த நூலில் அந்தக் காரணம் எங்கும் வருவதில்லை. கி.மு. 323 இல் அலெக்சாந்தர் இறந்த செய்தி வந்ததும், மக்கெடோனியத் தொடர்புள்ள அந்த வெளியூர்க்காரர்மேல் தெய்வநிந்தனை வழக்கு வந்தது. அவர் கால்கிஸுக்குப் போய் அடுத்த ஆண்டு இறந்தார். டயோஜீனஸ் லயேர்ட்டியஸ் பாதுகாத்துத் தந்த அவருடைய உயிலில், தனக்குப் பணிசெய்த இளம் அடிமைகளை விற்கக் கூடாது, உரிய வயது வந்ததும் தகுதிப்படி விடுவிக்க வேண்டும் என்றிருக்கிறது.

நோக்கம் என்ற கருத்தையே தூக்கி எறிவது ஒரு வழி. டார்வினுக்குப் பிறகு உயிரியல் பெரும்பாலும் அதைத்தான் செய்தது. ஆனால் அறவியல் அவ்வளவு எளிதில் அதைக் கைவிடவில்லை. 1958 இல் எலிசபெத் அன்ஸ்கம் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பிறகு பலர் அரிஸ்டோட்டிலிடம் திரும்பினார்கள். மார்த்தா நுஸ்பாம், ‘அரசியல்’ நூலின் ஏழாம் புத்தகத்திலிருந்தே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். யாராக இருந்தாலும் சிறப்பாகச் செயல்பட்டு நன்றாக வாழ இடம் தரும் ஆட்சியே மிகச் சிறந்த ஆட்சி என்பது அதன் கருத்து. அமர்த்தியா சென்னோடு சேர்ந்து அவர் வளர்த்த ‘ஆற்றல்கள்’ அணுகுமுறை, அந்த ‘யாராக இருந்தாலும்’ என்பதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறது. ஒருவர் எதற்காகப் பிறந்தார் என்று நகரம் தீர்மானிக்க வேண்டியதில்லை. அவரால் எதுவாக ஆகமுடியும் என்று காண்பதற்கான பள்ளியையும் வீட்டையும் ஓய்வையும் வாக்கையும் தருவதே நகரத்தின் பணி.

இப்படித் திருப்பிப் போட்டால் அரிஸ்டோட்டிலின் பட்டியலிலிருந்து எதையும் அழிக்கவேண்டியதில்லை. அவர் போட்ட கோட்டை மட்டும் அழித்தால் போதும். நகரத்தைத் துப்புரவாக வைத்திருப்பது மதிப்பான பணி. அது ஒருவரின் பிறவிப் பயன் என்று ஆகும்போதுதான் அது தண்டனையாகிறது. மாநகர சபைக்கு ஆள் தேவை என்பது, அந்த ஆள் மஹய்யாவையில்தான் பிறக்கவேண்டும் என்பதற்குக் காரணமாகாது.

அரிஸ்டோட்டில் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, சைப்பிரஸிலிருந்து வந்த இன்னொரு வெளியூர்க்காரர் ஏதென்ஸின் சித்திரத் தாழ்வாரத்தில் நின்று பேசத் தொடங்கினார். அவர் பெயர் ஸீனோ. இயற்கையின்படி வாழ் என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் அவர் சொன்ன நகரத்துக்கு மதில் இல்லை. அந்தப் பள்ளியின் பெரும் ஆசிரியர்களில் ஒருவர் அடிமையாக வாழ்ந்தவர். அவர்களைப் பற்றி அடுத்த இதழில்.